சுக்குப் பாலும் பாக்கெட் மேல் எழுதும் வார்த்தையும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ரமணாசிரமம் பகுதி உறுப்பினர் ஒருவர் பேசியது)



"வீட்டிலேயே மூலிகைப் பால் தயாரிப்பு" என்று தலைப்புக் கொடுத்து எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க. செய்முறை சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். மீதி அஞ்சு நிமிஷத்தில் வேறு ஒரு விஷயம் பேசணும். சாப்பாட்டுக்குப் பிறகு நாம் எடுக்கப்போகும் தீர்மானத்தைப் பற்றியது அது. அதனால் சீக்கிரமா ஆரம்பிக்கிறேன்.

எங்க பகுதி உங்களில் பல பேருக்குத் தெரியும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி இருக்கும் தெருக்கள். பக்கத்து ஊரின் பெயர் ஆணாய்பிறந்தான். பெயர் அப்படி இருந்தாலும் கூட்டத்துக்கு வருவதும் கடன் கட்டுவதும் பெண்ணாய்ப் பிறந்தவங்கதான். (சிரிப்பு) கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க நிறைய வருவாங்க. அவங்களுக்காக இருக்கும் கடைகளில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: ஹெர்பல் டீ லாட்டே, கோல்டன் மில்க் லாட்டே, ஜிஞ்சர் லாட்டே. விலை நூறு ரூபாய்க்கு மேலே. நான் முதலில் இதெல்லாம் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு போவேன். என் மகள்தான் போனில் தேடிப் படித்துச் சொன்னாள், லாட்டே என்றால் இத்தாலி பாஷையில் பால் என்று அர்த்தமாம். கோல்டன் மில்க் என்பது நம்ம மஞ்சள் பால். ஜிஞ்சர் லாட்டே என்பது சுக்குப் பால். சளி பிடித்தால் எங்க அத்தை இரும்புக் கரண்டியில் மிளகு வறுத்துப் போட்டுக் கொடுப்பாங்களே, அதுதான் நுரை அடித்து பீங்கான் கோப்பையில் வருது.

இன்னொரு வேடிக்கை. கிரிவலத்தன்று ராத்திரி கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்கிறாங்களே சுக்குக் காபி, அதில் காபித்தூள் ஒரு சிட்டிகை கூட இல்லை. சுக்கும் மல்லியும்தான். காபி என்று பெயர் வைத்தால்தான் குடிப்பாங்க என்று நம்ம ஆளுங்களும் அப்போதே தெரிந்து வைத்திருக்காங்க.

சரி, பொடிக்கு வர்றேன். எங்க குழுவில் பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் நின்ற அளவு இது. தனியா 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 15 கிராம், சீரகம் 10 கிராம், ஏலக்காய் 5 கிராம். தனியா குறைந்தால் காரம் தூக்கும், குழந்தைங்க குடிக்காது. கூடினால் ரசம் மாதிரி ஆகிவிடும். சிலர் திப்பிலி சேர்ப்பாங்க, அது அவங்கவங்க ருசி. நாங்க சேர்ப்பதில்லை. விலையும் அதிகம், காரமும் தொண்டையில் நிற்கும்.

இதில் சுக்குதான் ராஜா. கடையில் வெள்ளையா, பார்க்க அழகா இருக்கும் சுக்கு வாங்காதீங்க. பூச்சி வராமல் இருக்கவும் நிறத்துக்காகவும் சுண்ணாம்பில் முக்கி எடுத்திருப்பாங்க. பழுப்பா, கொஞ்சம் சுருக்கம் விழுந்து, உடைத்தால் நார் தெரியுற சுக்காப் பாருங்க. வாங்கினதும் மேல் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துடணும். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே கொட்டையில் நஞ்சு என்று பெரியவங்க சொல்வதைக் கேட்டிருப்பீங்க. தோலைச் சுரண்டினால் மண்ணும் போகும், சுண்ணாம்பும் போகும். அப்புறம் ஒருநாள் வெயிலில் காய வைத்து, உரலில் போட்டு நாலாக உடைத்து, பிறகு மிக்ஸியில் போடுங்க. முழுசாப் போட்டால் பிளேடு போய்விடும். தனியாவை வாசனை வரும் அளவுக்கு மட்டும் வறுக்கணும், சிவக்கக் கூடாது. மிளகு ஒன்றிரண்டு வெடித்ததும் இறக்கிடணும். எல்லாம் நல்லா ஆறின பிறகுதான் அரைக்கணும். சூட்டோடு அரைத்தால் ஈரம் கட்டி, பத்து நாளில் பூசணம் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரைப்பதே வேண்டாம்.

மஞ்சள் சேர்ப்பவங்க பொடியில் கலக்காமல் கொதிக்கும்போது தனியா ஒரு சிட்டிகை போடுங்க. விரலி மஞ்சள்தான் பாலுக்கு. கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூச, வயிற்றுக்கு இல்லை. மஞ்சள்தூளில் கலப்படம் இருக்கா என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்காமல் விடுங்க. நல்ல தூள் வெளிர் மஞ்சளா இறங்கி அடியில் படியும். சாயம் கலந்த தூள் என்றால் தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளா மாறும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பயிற்சியில் காட்டினது இது. எங்க தெருவில் மூணு வீட்டில் செய்து பார்த்தோம். ஒரு வீட்டுத் தூளை அன்றைக்கே கொட்டிட்டாங்க.

இப்போ பால். எல்லோரும் கேட்கும் சந்தேகம், பால் ஏன் திரிஞ்சு போகுது என்பதுதான். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, பச்சை இஞ்சி. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் சத்து ஒன்று இருக்கு. சீனாவில் சில ஊர்களில் வெதுவெதுப்பான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி, தயிர் மாதிரி உறைய வைத்து ஸ்பூனில் சாப்பிடுறாங்களாம். சூடு பட்டால் அந்தச் சத்து போய்விடும். அதனால் இஞ்சி போடுவதா இருந்தால் முதலில் தண்ணீரில் தட்டிப் போட்டு அஞ்சு நிமிஷம் நல்லாக் கொதிக்கவிட்டு, அப்புறம்தான் பால். சுக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டாவது காரணம் வெல்லம். வெல்லத்தில் இருக்கும் புளிப்பு சூட்டில் பாலைத் திரிச்சிடும். பனைவெல்லத்தைத் தனியா கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி வச்சுக்கங்க. பாலை அடுப்பிலிருந்து இறக்கி, பொங்கல் அடங்கின பிறகு ஊற்றுங்க. திரியவே திரியாது.

அளவு சொல்றேன். நாலு பேருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், நாலு ஸ்பூன் பொடி, சின்ன அடுப்பில் முக்கால் பாகமா சுண்டும் வரைக்கும். அப்புறம் மூணு டம்ளர் பால் ஊற்றி ஒரே ஒரு கொதி. துளசி போடுறவங்க இறக்கினதும் நாலு இலை கிள்ளிப் போட்டு இரண்டு நிமிஷம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். கொதிக்க விட்டால் வாசனை எல்லாம் ஆவியில் போய்விடும். நுரைக்கு மிஷின் வேண்டாம். நம்ம மோர் கடையும் மத்து இருக்கு. இல்லாவிட்டால் இரண்டு பாத்திரத்தில் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி நாலு ஆற்று ஆற்றுங்க. செங்கம் ரோட்டு டீ மாஸ்டர் போடும் நுரைக்கு எந்த மிஷினும் நிற்காது.

பால் குடிக்காத வெளிநாட்டுக்காரங்க தேங்காய்ப் பாலில் கேட்பாங்க. இரண்டாம் பாலில் பொடியைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு முதல் பால் சேர்த்தால் பிரியாது. சொதி வைக்கும் அதே பக்குவம்தான்.

கணக்குக் கேட்பீங்க, நம்ம கூட்டமைப்பில் கணக்கு சொல்லாமல் இறங்க முடியாது. நாங்க வாங்கின விலையில் 180 கிராம் பொடிக்குச் சரக்குச் செலவு 73 ரூபாய் ஆச்சு. ஒரு டம்ளருக்கு 3 கிராம் வைத்தால் ஒண்ணே கால் ரூபாய். பால் பக்கத்து வீட்டில் லிட்டர் 45 ரூபாய், 100 மில்லிக்கு நாலரை. பனைவெல்லம் 10 கிராம் 3 ரூபாய். கேஸ் ஒரு ரூபாய் வச்சுக்கங்க. பத்து ரூபாய்க்குள்ளே முடிஞ்சு போகுது. பௌர்ணமியன்று 20 ரூபாய்க்கு விற்கிறோம். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றிவிட்டு வர்றவங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு அந்த ஒரு டம்ளர் எவ்வளவு சுகம் என்று குடித்தவங்களுக்குத்தான் தெரியும். டம்ளர் எவர்சில்வர்தான். 2019 ஜனவரி 1-லிருந்து பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்குத் தடை இருக்கு. கழுவ ஓர் ஆள் தனியா வேணும், அது உண்மை. அந்த ஆளுக்கும் கூலி போட்டுத்தான் கணக்குப் பார்க்கணும். மாமியார் கழுவினால் கூலி இல்லை என்று எழுதாதீங்க.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

பொடியைப் பாக்கெட் போட்டு கூட்டமைப்புப் பெயரில் விற்கலாம் என்று போன மாதம் பேசினோம். எனக்கும் சம்மதம், சந்தோஷமும்கூட. ஆனால் பாக்கெட் மேல் என்ன எழுதுவது என்று மாதிரி ஒன்று அச்சடித்துக் காட்டினாங்க. அதில் "சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி, மாதவிடாய்க் கோளாறு தீர்க்கும் அற்புத மூலிகைப் பால் பொடி" என்று இருந்தது. அப்படிப் போட்டால்தான் விற்கும், எல்லாக் கடையிலும் அப்படித்தான் போடுறாங்க என்று சில அக்காக்கள் சொன்னீங்க. நீங்க சொல்வதில் ஒரு பாதி நிஜம், அப்படிப் போட்டால் விற்கும்.

எங்க குழு அக்கா ஒருத்தங்க. பெயர் சொல்ல மாட்டேன். அவங்க இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க, அவங்க "சொல்லும்மா" என்று சொன்னதால்தான் சொல்றேன். பதினோரு வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க. பௌர்ணமி சமயத்தில் ஒரு கடையில் போர்டு பார்த்திருக்காங்க, 48 நாளில் சர்க்கரை தீரும், மாத்திரையே வேண்டாம் என்று. பொடியும் வாங்கினாங்க. 48 நாளும் விரதம் மாதிரி காலையும் மாலையும் குடித்தாங்க, மாத்திரையை நிறுத்திட்டாங்க. மாத்திரைக்கு மாசம் ஆகும் செலவு மிச்சம் என்றும் நினைத்திருக்காங்க, அதில் தப்பு சொல்ல முடியுமா? அந்தப் பொடியைக் கலக்கினது எதில்? வெல்லப் பாலில். பனைவெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ, எதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லது என்று சொல்லலாம், சர்க்கரை நோய்க்காரங்க தாராளமா சாப்பிடலாம் என்று சொல்லக்கூடாது.

அந்த மாசம் கிரிவலத்தில் காலில் கொப்புளம் வந்தது. ஆறவில்லை. வலியும் பெரிசா இல்லை என்று விட்டுட்டாங்க. சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்து போகும், அதுதான் பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. ஒரு கால் விரலை எடுத்தாங்க. நாம் கூட்டாகக் கடன் போட்டுக் கொடுத்தது அதுக்குத்தான். தீர்மானப் புத்தகத்தில் "மருத்துவச் செலவு" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கோம்.

நம்ம பாக்கெட்டில் அந்த வரி இருந்தால், அதைப் படித்து மாத்திரையை நிறுத்தும் அடுத்த அக்கா எந்த ஊர்க்காரங்களோ, நமக்குத் தெரியவே தெரியாது.

சட்டமும் விடாது. 1954-லேயே வந்த சட்டம் ஒன்று இருக்கு, மருந்து, மாய வைத்தியம் என்று தப்பான விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம். சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் இதெல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று பட்டியலே போட்டிருக்கு. உணவுப் பொருளில் நோய் தீரும் என்று எழுதக்கூடாது என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு விதியும் வந்திருக்கு. நாங்க கடைக்காகப் பதிவுச் சான்று எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தச் சான்று நம்ம கூட்டமைப்புப் பெயரில் இருக்கும்போது வழக்கு வந்தாலும் கூட்டமைப்புப் பெயரில்தான் வரும். கையெழுத்துப் போட்டவங்க யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்போ மஞ்சளில் மிளகில் ஒன்றுமே இல்லையா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இருக்கு. நம்ம மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995-இல் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமையே வாங்கி வச்சிருந்தது. நம்ம இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் போய், இது எங்க பாட்டிக்குத் தெரிந்த விஷயம் என்று பழைய நூல்களை எல்லாம் ஆதாரமாக் காட்டி வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வச்சாங்க. மிளகு சேர்த்தால் மஞ்சளில் இருக்கும் சத்து உடம்பில் அதிகமா ஏறுது என்பதைப் பெங்களூரில் ஆராய்ச்சி செய்து 1998-இல் வெளியிட்டாங்க, இருபது மடங்கு வரைக்கும் என்று. நம்ம பாட்டி இரண்டையும் சேர்த்துப் போட்டதற்கு அர்த்தம் இருக்கு.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் கொடுத்தது மஞ்சள்தூள் இல்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த சத்து, 2 கிராம். மஞ்சளில் அந்தச் சத்து நூற்றுக்கு மூணு பங்கு அளவில்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, 2 கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேலே மஞ்சள் வேணும். நாம் போடுவது ஒரு சிட்டிகை. அறுபது கிராம் மஞ்சளைப் பாலில் போட்டு யார் குடிப்பாங்க? அதனால் ஒரு டம்ளர் பாலை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது. தொண்டைக்கு இதமா இருக்கும், வயிற்று உப்புசம் இறங்கும், குளிருக்கு உடம்பு சூடாகும், ராத்திரி மனசு அடங்கும். இவ்வளவு செய்தால் போதாதா ஒரு பாலுக்கு?

இன்னொன்றும் சொல்லணும். இனிப்புக்காக அதிமதுரம் சேர்க்கலாம், வெல்லச் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பாக்கெட்டை யார் வாங்கிக் குடிப்பாங்க என்று நாம் கூட நின்று பார்க்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் தினமும் மஞ்சள், சுக்கு என்று அதிகமா எடுக்கும் முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கொள்ளணும்.

மலையில் போய்ப் பறித்து வரலாமே, எலுமிச்சைப்புல், ஆவாரம்பூ எல்லாம் சும்மா கிடைக்குமே என்றும் ஒரு பேச்சு இருக்கு. மலை வனத்துறைக் காடு. அங்கே கை வைக்க வேண்டாம். ஆவாரை நம்ம ஏரிக்கரையிலும் புஞ்சை ஓரத்திலும் பூத்துக் கிடக்குது. எலுமிச்சைப்புல் ஒரு தூர் வாங்கி பாத்திரம் கழுவும் தண்ணி ஓடும் இடத்தில் நட்டால் வருஷம் முழுக்க வரும்.

பாக்கெட்டில் என்ன எழுதலாம் என்று நானும் எங்க குழுவும் உட்கார்ந்து எழுதி எடுத்து வந்திருக்கோம். வாசிக்கிறேன். "சுக்கு மல்லிப் பால் பொடி. சேர்மானம்: தனியா, சுக்கு, மிளகு, சீரகம், ஏலக்காய். சர்க்கரை சேர்க்கவில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன். அரைத்த தேதி. மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தவும். ஈரக் கரண்டி போடாதீர்கள்." அதற்குக் கீழே கூட்டமைப்புப் பெயர், பதிவு எண். இவ்வளவுதான். இதில் கவர்ச்சி இல்லை என்று சொல்வீங்க. தேதி போட்டு, சேர்மானம் போட்டு, பொய் இல்லாமல் இருக்கும் பாக்கெட் எங்க தெருக் கடைகளில் எத்தனை இருக்கு என்று எண்ணிப் பாருங்க. ஆசிரமத்துக்கு வர்றவங்க பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்த பிறகுதான் பர்ஸைத் திறப்பாங்க. நான் பார்த்திருக்கேன்.

ஆசிரமம் என்றதும் ஒன்று ஞாபகம் வருது. ரமண மகரிஷி விடியற்காலையில் சமையல் கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவார், அரைப்பார் என்று பழைய ஆளுங்க எழுதி வச்சிருக்காங்க. பந்தியில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலா விழுந்தால் ஏற்க மாட்டாராம், எல்லோருக்கும் என்னவோ அதுதான் தனக்கும். நம்ம வீட்டில் அது தலைகீழ். எல்லோருக்கும் ஆற்றி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் தங்கின மண்டியை ஆறிப்போன பிறகு நின்றுகொண்டே குடிப்பது யாரு? கை தூக்குங்க பார்க்கலாம். (பலர் கை தூக்குகிறார்கள்) நாலு பேருக்கு என்று நான் சொன்ன அளவில் உங்களையும் ஒரு ஆளாச் சேர்த்துத்தான் சொன்னேன். போடும்போது அஞ்சாவது ஆளா உங்களை நினைச்சு தண்ணியை விளாவாதீங்க.

பின்னாடி மேஜையில் இரண்டு ஃபிளாஸ்க் வச்சிருக்கு. சிவப்பு மூடி போட்டதில் வெல்லம் சேர்த்தது. நீல மூடியில் இனிப்பு இல்லாதது, சர்க்கரை இருக்கும் அக்காக்கள் அதையே எடுத்துக்கங்க. டம்ளர் பக்கத்திலேயே கூடையில் இருக்கு, குடித்துவிட்டு வாளியில் போடுங்க. தனியா தூக்கலா இருக்கா, சுக்கு தூக்கலா இருக்கா என்று எங்க குழுத் தங்கச்சி நோட்டு வச்சுக்கிட்டு நிற்கிறாள், அவளிடம் சொல்லிட்டுப் போங்க. இரண்டு மணிக்குத் தீர்மானம் எடுக்கும்போது மாதிரி பாக்கெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பார்த்துட்டுக் கை தூக்குங்க.